ஷட்டர் திறக்கிற வரைக்கும்

இல்ல தம்பி, நாலு பேர் சேந்தாத் தூக்கிடலாம்னு நினைக்காதீங்க. அந்த மோல்டு முழுக்க இரும்பு. ஒவ்வொண்ணும் ஒரு தடிச்ச ஆள் கனம் இருக்கும். பின்னால வந்து நிக்குதே வேன், அதுல சங்கிலி போட்டுத் தூக்குற செயின் பிளாக் இருக்குல்ல? அப்ப சரி. கையால தூக்கப் போயி யாராவது கால்ல போட்டுக்கிட்டா அந்தப் பாவமும் என் தலையிலதான் விடியும்.

ஏசிய மட்டும் கொஞ்சம் குறைங்களேன். முட்டி பிடிக்குது.

ஆமா, ஆள் வந்து திறந்தாத்தான் உள்ள போலாம், பூட்ட உடைக்கக் கூடாது, என் வக்கீலம்மா சொன்னாங்க. இருக்கட்டும். இத்தன வருஷம் பொறுத்தவளுக்கு இந்த ஒரு காலை என்ன பெரிசு. எதுத்த ஷட்டர்தானே, நீல ஷட்டர்? நம்பர் சரியாப் பாத்துட்டீங்களா? இந்த வரிசைல எல்லாமே ஒரே மாதிரி தகரக் கொட்டகையா இருக்கு. பக்கத்துல டயர் கடை, அந்தப் பக்கம் அட்டைப்பெட்டி செய்யிற இடம். இடம் நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்காங்க. லாரி நேரா உள்ள திரும்பலாம்.

உங்க வேலைக்கு எங்க பக்கம் அமீனான்னு சொல்லுவாங்க. அமீனா தெருவுக்குள்ள வர்றாருன்னா அண்டா குண்டாவையெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாத் தள்ளி விடுவாங்களாம், எங்க மாமியார் கதை கதையாச் சொல்லுவாங்க. இப்பப் பாருங்க, அமீனா வண்டில முன் சீட்டுல நானே உக்காந்து வர்றேன். நேத்து உங்க ஆபீஸ்ல நீங்க வாங்கம்மான்னு தமிழ்ல கூப்பிட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்துச்சு. இந்த நாட்டுக்கு வந்ததுல இருந்து வக்கீலம்மாகிட்ட மட்டும்தான் பேச்சு, அதுவும் கேஸ் பேச்சு.

என்ன மோல்டுன்னா கேக்குறீங்க? உத்தரவுல போடலையா? அவங்க பாஷைல என்னமோ போட்டிருப்பாங்க. படகுல போறவங்க லைஃப் ஜாக்கெட் மாட்டுறாங்கல்ல, அதுல நெஞ்சுக்கு நேரா டக்குன்னு மாட்டுற பக்கிள் இருக்கும். அத வார்க்கிற அச்சு. ரெண்டு பாதியா இருக்கும், சேத்து வச்சு உருக்கின பிளாஸ்டிக்க உள்ள அழுத்தணும், ஆறினதும் திறந்தா பக்கிள் பொத்துன்னு விழும். எங்களது சின்னப் பிள்ளைங்களுக்கானது. பிள்ளை எவ்வளவு இழுத்தாலும் கழண்டுக்காது. ஆனா தண்ணிக்குள்ள இருந்து தூக்குற பெரியவங்க ஈரக் கையால ஒரு அழுத்து அழுத்தினா கழண்டுடணும். கேக்க லேசா இருக்கும். அந்த ஒரு வளைவப் பிடிக்க என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் மண்டைய உடைச்சுக்கிட்டார். பாதி செஞ்சு வச்சிட்டு, ஒரு நாள் மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னு ஸ்டூல்ல உக்காந்தவர்தான். எந்திரிக்கல.

அப்புறம் என்ன, நானும் ஃபோர்மேன் அண்ணனும் சேந்து முடிச்சோம். எனக்கு அதுவரைக்கும் ஆபீஸ் ரூம்ல சம்பளக் கவர் போடுறதோட சரி. சொந்தக்காரங்க எல்லாம் பட்டறைய வித்துட்டு வீட்டோட இரும்மான்னாங்க. வீட்டோட இருந்தா யார் சோறு போடுறது? இறங்கிட்டேன். என் மக அப்ப எட்டாவது படிச்சுக்கிட்டு இருந்தா. ஸ்கூல் விட்டா நேரா பட்டறைக்குத்தான் வருவா. மோல்டு உள் பக்கத்துல கடைசிப் பாலிஷ் போடுறதுக்கு எங்க விரலெல்லாம் நுழையாது, அவ விரல் ஒல்லி. கல்ல வச்சுத் தேய்ச்சுக்கிட்டே வாய்ப்பாடு ஒப்பிப்பா. ஒத்தப் பிள்ளை. அப்பன் செல்லம்.

சரி, ஓட ஆரம்பிச்சுச்சு. நல்லா ஓடுச்சு. அப்பத்தான் தாடிக்காரர் வந்தார். இந்த நாட்டு ஆள்தான், பேர் வேணாம், நாக்குல வச்சா கசக்குது, தாடிக்காரர்னே வச்சுக்கங்க. பெரிய ஜாக்கெட் கம்பெனி அவருக்கு. மொத்த சரக்கையும் அவரே எடுத்துக்கிட்டார். வருஷா வருஷம் வருவார், ஓட்டல்ல ரூம் போட்டாலும் சாப்பாடு எங்க வீட்லதான். தங்கச்சின்னு ஒரு வார்த்தை கத்துக்கிட்டார். வாசல்ல வண்டி நிக்கும்போதே தங்கச்சின்னு கூவுவார், தெருவே திரும்பிப் பாக்கும். கூடப் பிறந்தவங்க யாரும் இல்லாத எனக்கு அது எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

ஒரு வருஷம் வந்து சொன்னார், தங்கச்சி, சரக்க இங்க இருந்து கப்பல்ல ஏத்தி எங்க ஊருக்கு வர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சு போகுது, மோல்ட என்கிட்ட இரவலாக் கொடு, என் இடத்துல வார்க்கிறேன், உன் பேரு, உன் முத்திரை, நீ சொல்ற பிளாஸ்டிக்கு, எப்பக் கேட்டாலும் திருப்பித் தர்றேன்னார். ஃபோர்மேன் அண்ணன் வேணாம்னார். மோல்டும் பெண்டாட்டியும் வாசப்படி தாண்டக் கூடாதும்மான்னார். எனக்குக் கோபம் வந்துடுச்சு. நானும் ஒரு பெண்டாட்டிதானேண்ணே, தாண்டினதாலதானே உங்களுக்குச் சம்பளம் வருதுன்னு கேட்டேன். ஆனா பாருங்க, மோல்டு விஷயத்துல அவர் சொன்னதுதான் சரி.

கொடுத்தேன். என் மகளையே கூட அனுப்பி வச்சேன், அவங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுக்க. இஞ்சினியரிங் முடிச்சிருந்தா அப்ப. மாசக் கணக்கா இங்க இருந்தா. இந்த ஊர் பாஷைய நல்லாப் பிடிச்சுக்கிட்டா.

முதல்ல எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. அப்புறம் கணக்கு வர்றது நின்னுச்சு. போன் எடுக்கிறது குறைஞ்சுச்சு. அதெல்லாம் கூடப் பரவாயில்லம்பேன். ஒரு நாள் ஒரு நீச்சல் வாத்தியாரம்மா போன் பண்ணாங்க, இந்த நாட்டுல இருந்துதான். பக்கிள் பின்னால இருந்த முத்திரையப் பாத்து, தேடிப் பிடிச்சு நம்பர் வாங்கியிருக்காங்க. என் மகதான் பேசினா, பேசப் பேச அவ முகம் வெளுத்துப் போச்சு. என்னன்னா, தண்ணில ஒரு குழந்தை இருக்கும்போதே பக்கிள் தெறிச்சிடுச்சாம். ஜாக்கெட் மேல மிதக்குது, பிள்ளை கீழ போயிட்டான். அந்தம்மா உடுத்தின துணியோட குதிச்சுத் தூக்கியிருக்காங்க. பிழைச்சுக்கிட்டான் தம்பி, பிழைச்சுக்கிட்டான். அந்தம்மா திட்டல. இதுல உங்க முத்திரை இருக்கு, உங்களுக்குத் தெரியணும்னு நினைச்சேன்னு மட்டும் சொன்னாங்களாம். திட்டியிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த பக்கிள அனுப்பச் சொல்லி வாங்கினேன். கையில எடுத்து வளைச்சேன், அப்பளமா நொறுங்குது. பழைய பிளாஸ்டிக்க அரைச்சு ஊத்தியிருக்கார் மனுஷன். என் வீட்டுக்காரர் உயிரக் கொடுத்துச் செஞ்ச அச்சுல குப்பைய ஊத்தியிருக்கார்.

மோல்டத் திருப்பிக் கொடுன்னேன். முதல்ல தங்கச்சி தங்கச்சின்னு மழுப்பினார். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வருது, என் மோல்டுலதான் கோளாறாம், அதனால அவருக்கு நஷ்டமாம், நான் ஈடு கட்டணுமாம். எப்படி இருக்கு பாருங்க! அடிச்சவனே அழுதுக்கிட்டுப் போயி பஞ்சாயத்தக் கூட்டின கதை.

எங்க ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்துச்சு. தகராறுன்னு வந்தா கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தி மூணாவது நாட்டுல உக்காந்து சமரசம் பேசிப் பாக்கணும்னு. போனோம். நானும் என் மகளும்தான். வக்கீலம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனாச் செலவு தாங்காதுன்னு, அவங்க இங்க இருந்தே போன்ல.

பெரிய கட்டிடம், மேல எங்கயோ ஒரு மாடி. ஆளுக்கொரு ரூம். நடுவுல ஒரு ரூம்ல சமரசம் பேசுற அம்மா. நல்ல உயரம், ஜலதோஷம் பிடிச்சிருந்துச்சு அவங்களுக்கு, கையில ஒரு வெந்நீர் டம்ளரோட இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் நடந்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை தீர்ப்பு சொல்லல. நீ தப்பு, அவர் சரி, ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு உண்மையில என்ன வேணும்னு கேட்டாங்க. என் மக அதத் தமிழ்ல சொன்னா. அதுவரைக்கும் யாருமே அப்படிக் கேக்கல. நான் சொன்னேன், எனக்கு நஷ்டஈடு வேணாம், மானநஷ்டம் வேணாம், என் மோல்டு வரணும், அந்த மட்ட பக்கிளக் கடைங்கள்ல இருந்து திருப்பி எடுக்கணும், அது போதும்னு. என் மக மெதுவாத்தான் சொன்னா, ஆனா விடாமச் சொன்னா.

சாயங்காலம் எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சாங்க. தாடிக்காரர் என் முகத்தப் பாத்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. மோல்டு எல்லாத்தையும் திருப்பி அனுப்புறேன், பக்கிள் வார்க்கிறத நிறுத்துறேன், வித்ததத் திருப்பி எடுக்கிறேன்னார். பதிலுக்கு நான் இனிமே எந்த வழக்கும் போட மாட்டேன். இதுதான் பேச்சு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, தங்கச்சின்னார். நான் அழுதுட்டேன். வெக்கமா இருக்கு இப்ப நினைச்சா.

வக்கீலம்மா போன்ல படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாங்க, அந்த சமரசம் பேசுற அம்மா கையெழுத்தையும் அதுலயே வாங்கிடுங்க, பின்னால ரொம்ப உதவும்னு. அந்தம்மாவும் போடுறேன்னுதான் சொன்னாங்க, புதுப் பிரதி எடுத்துட்டு வரேன்னு பக்கத்து ரூமுக்குப் போனாங்க. என் மகதான், அம்மா, அவங்க எதுக்கு, ரெண்டு பக்கமும் போட்டாச்சே, விமானத்துக்கு நேரமாச்சு, இதுக்கு மேல உக்காந்தா அவர நம்பலைன்னு ஆயிடும்னா. எனக்கும் அதுதான் நியாயமாப் பட்டுச்சு. அவ்வளவு தூரம் கையப் பிடிச்ச மனுஷன எதுக்கு சந்தேகப்படணும்? கிளம்பிட்டோம்.

ஊருக்கு வந்ததும் ஃபோர்மேன் அண்ணன் மோல்டு வைக்க மூலைல இடம் ஒதுக்கினார். தரையக் கழுவி, மஞ்சப் பெயிண்டுல கோடு போட்டு, யாரும் இங்க சாமான் வைக்கக் கூடாதுன்னு பையன்களுக்குச் சொல்லி வச்சார். அந்தக் கோடுதான் இருக்கு. மோல்டு வரல.

கேட்டா என்ன பதில் தெரியுமா? அது சும்மா ஒரு புரிதல்தான், எங்க நாட்டுல அந்தக் காகிதத்துக்கு பலம் கிடையாது, வேணும்னா இங்க வந்து வழக்குப் போட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்கன்னு ரெண்டு வரி. தங்கச்சி இல்ல, ஒண்ணும் இல்ல.

இல்ல தம்பி, கோபம் அப்புறம்தான் வந்துச்சு. முதல்ல வந்தது கூச்சம். ஒருத்தர் நம்மள ஏமாத்தினா நாம ஏன் கூனிக் குறுகுறோம்னு எனக்கு இன்னும் விளங்கல. யார்கிட்டயும் சொல்ல முடியல. என் மககிட்ட மட்டும்தான். அவளும் அப்ப ஊர்ல இல்ல. சமரசம் முடிஞ்சு வந்த கொஞ்ச நாள்லயே வேலைக்குன்னு வெளிநாடு போயிட்டா. பட்டறைல அவளுக்கும் எனக்கும் ஒத்து வரல, உண்மையச் சொல்றேனே. புது மெஷின் வாங்கலாம்பா, நான் கடன் வேணாம்பேன். புது டிசைன் கொண்டு வருவா, நான் இருக்கிறத ஒழுங்காச் செய்வோம்பேன். எனக்கு இங்க மூச்சு முட்டுதும்மான்னு சொல்லிட்டுத்தான் போனா. டிசைன் ஆபீஸ்ல வேலைன்னா. போயிட்டு வாம்மான்னு அனுப்பி வச்சேன். ஞாயித்துக்கிழமை தவறாமக் கூப்பிடுவா. அவகிட்டக் கொட்டினாத்தான் எனக்கு அந்த வாரம் ஓடும்.

வக்கீலம்மா விடல. அவங்கதான் கண்டுபிடிச்சாங்க, இந்த மாதிரி சமரசத்துல முடிஞ்ச வியாபாரத் தகராறுக்குன்னே நாடுங்க பல சேந்து ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கு, இந்த நாடும் அதுல சேந்திருக்குன்னு. அப்படின்னா முதல்ல இருந்து வழக்குப் போட வேணாம். சமரசம் நடந்துச்சு, இதுதான் முடிவு, நடத்திக் கொடுங்கன்னு நேரா இங்க உள்ள கோர்ட்டுலயே கேக்கலாமாம். எனக்குப் புரியிற மாதிரி சொன்னாங்க, சமைச்ச சாப்பாட்டத் திரும்ப அரிசில இருந்து ஆரம்பிக்க வேணாம்மா, பரிமாறச் சொன்னாப் போதும்னு.

பரிமாற விடுவாங்களா? நாங்க ஒரு அடி வைக்கிறதுக்குள்ள அவங்க ரெண்டு அடி முன்னால நிக்கிறாங்க. சமரசமே நடக்கல, வியாபாரப் பேச்சுதான் நடந்துச்சு, சமரசம் பண்ணவங்க கையெழுத்து எங்கன்னு கேட்டாங்க. சரி, அந்தம்மாவையே கேப்போம்னு வக்கீலம்மாவும் நானும் போன்ல பேசி வச்சோம். நாங்க கடிதம் எழுதுறதுக்கு முந்தியே அவங்க வக்கீல் அந்தம்மாவுக்கு எழுதிட்டார், உள்ள பேசினது எல்லாம் ரகசியம், வாயத் திறந்தா உங்க மேலயே புகார் வரும்னு. இன்னொரு தடவை நாங்க மோல்ட சீல் வைக்கச் சொல்லிக் கேக்கலாம்னு முடிவு பண்ணோம். கேக்கப் போனா, மோல்டு எங்ககிட்ட இல்லவே இல்லன்னு பதில் ரெடியா இருக்கு.

வக்கீலம்மா ஒரு நாள் மெல்லக் கேட்டாங்க, அம்மா, உங்க பக்கத்துல இருந்து யாரோ பேசுறாங்க, யார்கிட்டல்லாம் சொல்றீங்கன்னு. யார்கிட்டச் சொல்றேன்? பட்டறைல விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர்தான்.

ஆமா தம்பி. ஃபோர்மேன் அண்ணனத்தான் நினைச்சேன். ஆரம்பத்துல இருந்து இந்த இரவல் விஷயம் பிடிக்காதவர், என்னமோ மனசுல வச்சிருக்காரோன்னு. நேரா ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாத் தேவலை. அவர் ரூமுக்குள்ள வந்தா போன வச்சிடுவேன். மேஜை மேல இருக்கிறதத் திருப்பிப் போடுவேன். கொஞ்ச நாள் பாத்தார். ஒரு நாள் காலைல பட்டறைச் சாவிக் கொத்த என் மேஜைல வச்சிட்டு, உங்க வீட்டுக்காரர் இந்தச் சாவியக் கொடுக்கும்போது எண்ணிப் பாக்காமக் கொடுத்தாரும்மா, நீங்க எண்ணிக்கிட்டே இருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். சைக்கிள எடுக்கிற சத்தம் கூடக் கேக்கல எனக்கு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்ல, ஆனாலும் என் மகளக் கூப்பிட்டுச் சொன்னேன். நல்லதுதாம்மா, விடுன்னா.

அதோ அந்த வண்டியா? இல்ல, அது டயர் கடைக்கு வர்றது. இன்னும் நேரம் இருக்கு.

கேஸா? ஜெயிச்சோம்ல, அதனாலதானே உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். உள்ள என்ன பேசினாங்கன்னு அந்தம்மா கடைசி வரைக்கும் சொல்லல, சொல்லவும் கூடாதாம். ஆனா சமரச மையத்துல இருந்து ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாங்க, ஆமா, எங்க இடத்துல, எங்க ஆள் முன்னிலைல, இவங்க ரெண்டு பேருக்கும் சமரசம் நடந்துச்சுன்னு. கையெழுத்து இல்லைன்னாலும் அது போதும்னு நீதிபதி சொல்லிட்டார். வக்கீலம்மா என் கையப் பிடிச்சு அழுத்தினாங்க. நான் எந்திரிக்கப் போனேன், எல்லாம் முடிஞ்சுதுன்னு. உக்காருங்கன்னாங்க.

நீதிபதி தாடிக்காரரக் கூண்டுக்குக் கூப்பிட்டு, மோல்டு எங்கன்னு கேட்டார். சும்மா அதட்டல, சாதாரணமாத்தான் கேட்டார். பொய் சொன்னா உள்ள போகணும்னு மட்டும் சொன்னார். தாடிக்காரர் நீதிபதியப் பாக்கல. என்னப் பாத்தார். இத்தன வருஷத்துல மொதல் தடவையா அந்த மனுஷன் முகத்துல ஒரு பாவம் தெரிஞ்சுச்சு, எனக்காகப் பரிதாபப்படுற மாதிரி. மோல்டு என்கிட்ட இல்ல, சமரசம் முடிஞ்ச மறு மாசமே வேற ஒரு கம்பெனிக்குப் போயிடுச்சு, அவங்கதான் வார்க்கிறாங்க, நான் வாங்கி விக்கிறதோட சரின்னார். யார் அந்தக் கம்பெனி நடத்துறதுன்னு நீதிபதி கேட்டார். ஒரு பேரச் சொன்னார். நீதிபதிக்கு அந்தப் பேர் வாயில நுழையல, எழுத்தெழுத்தாச் சொல்லுங்கன்னார். அவர் ஒவ்வொரு எழுத்தாச் சொல்றார், டைப் அடிக்கிற பொண்ணு ஒவ்வொரு எழுத்தா அடிக்குது. அவர் பாதி சொல்லும்போதே எனக்கு முழுப் பேரும் தெரிஞ்சு போச்சு.

தெரியாம என்ன, அது நான் வச்ச பேர்.

ம். என் மகதான்.

இந்த உத்தரவுல கீழ ஒரு பேர் போட்டிருக்குல்ல, நேத்து நீங்க கூட சரியா உச்சரிச்சீங்களே, இது நம்ம பேர் மாதிரி இருக்கேம்மா, தெரிஞ்சவங்களான்னு கேட்டீங்க. நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

இல்ல, உங்க மேல ஒண்ணும் தப்பில்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்.

அவளுக்குத் தெரியாது நாம வர்றது. முன்கூட்டி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு தாடிக்காரருக்கு நீதிபதி கண்டிப்பாச் சொல்லிட்டார், அவரும் தன் தலை தப்பினாப் போதும்னு இருக்கிற ஆள். போன ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டா. சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, கேஸ் என்னாச்சுன்னா. தள்ளி வச்சிட்டாங்கன்னு சொன்னேன். கவலப்படாதம்மா, எல்லாம் நல்லபடியா முடியும்னா. குரல்ல ஒரு பிசிறு இல்ல தம்பி. நான் போன வச்சிட்டு வந்து, இந்த ஊர் ஓட்டல் ரூம்ல கட்டில்ல உக்காந்திருந்தேன். அவ இருக்கிற ஊர்லதான் நானும் உக்காந்திருக்கேன், அவளுக்குத் தெரியாது. வேற நாட்டுப் பேரச் சொல்லிட்டு வந்தவ எங்க இருக்கான்னு எனக்கு இத்தன வருஷமாத் தெரியாத மாதிரி.

அன்னைக்கு அந்த சமரச அம்மா கையெழுத்து வேணாம்னாளே, அப்பவே மனசுல இது இருந்துச்சா, இல்ல நெஜமாவே விமானத்துக்கு நேரமாச்சான்னுதான் தெரியல. அத நான் எத்தன விதமா யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு நாள் இப்படித் தோணும், ஒரு நாள் அப்படி.

நேத்து உங்க ஆபீஸ்ல இருந்து வெளிய வந்து, எதுத்தாப்புல விளையாட்டுச் சாமான் கடை இருக்குல்ல, அதுல போயி ஒரு குழந்தை ஜாக்கெட் வாங்கினேன். அவ வார்த்த பக்கிள். கடை வாசல்லயே நின்னு வளைச்சுப் பாத்தேன். வளைச்சேன், முறுக்கினேன், செருப்புக் காலால மிதிச்சேன். போறவங்க எல்லாம் பைத்தியம்னு பாக்குறாங்க. ஒடையல தம்பி. நல்ல பிளாஸ்டிக். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, சூடு சரியா வச்சு, பிசிறு இல்லாம செஞ்சிருக்கா. ஒடஞ்சிருந்தா எனக்கு எவ்வளவோ சுலபமா இருந்திருக்கும்.

ஐயோ, அதெல்லாம் இல்ல. திரும்பிப் போலாமான்னு கேக்காதீங்க. நல்லாச் செய்யிறான்னு சொல்லி விட்டுட முடியுமா? என்கிட்டக் கேட்டிருந்தா... கொடுத்திருப்பேனான்னு எனக்குத் தெரியாது. கேக்கலையே. நடுவுல ஊருக்குப் போனப்ப அந்த ஃபோர்மேன் மனுஷன் வீட்டுக்கு ரெண்டு தடவை போயிட்டேன், கதவத் திறக்கிறார், உக்காருங்கன்னு சொல்றார், தண்ணி கொடுக்கிறார், முகத்தப் பாக்க மாட்டேங்கிறார். போட்ட கையெழுத்து போட்டதுதான். மோல்டு அந்தக் கோட்டுக்குள்ள வந்து நிக்கட்டும். அப்புறம் வேணும்னா அவ அங்க வந்து என்னோட சண்டை போடட்டும். வரட்டும்.

என்ன?

ம், அதுதான். பச்சைச் சட்டை. பையத் தோள்ல மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பூட்டு திறக்கிறாளே, அவதான். மெலிஞ்சு போயிருக்கா. போன்ல பாத்தா தெரியல. ஷட்டர ஒரே தூக்காத் தூக்கிட்டா பாருங்க, அவ அப்பாவும் அப்படித்தான், ஒரு கையால.

இருங்க, இருங்க, கதவத் திறக்காதீங்க. நான் கூட வர்றேன், மோல்ட அடையாளம் காட்ட நான் வரணும்னு உத்தரவுலயே இருக்கு, இல்லன்னாலும் வருவேன். வேன் ஆளுங்களையும் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. படியில உக்காந்து பைல இருந்து ஃபிளாஸ்க்க எடுக்கிறா. காலைல ஒண்ணும் சாப்பிட மாட்டா, வெறும் வயித்தோட ஓடி வந்துட்டு இந்த டீ ஒண்ணுதான். இது உள்ள போகலைன்னா அவளுக்குத் தலை சுத்தும்.

குடிச்சு முடிக்கட்டும் தம்பி. அந்த மூடியத் திருகி மூடினதும் நாம இறங்கலாம்.